பீர் பீப்பாயில் போன கடிதங்கள்

அன்புள்ள ஐயா,

ஒற்றர்களை மன்னனின் கண் என்கிறார் வள்ளுவர். கண்ணுக்குப் பார்ப்பதுதானே வேலை? ஆனால் உளவுத்துறையே சதிகளை உருவாக்குகிறது என்றும் படிக்கிறோம். இது தோற்றவர்கள் கட்டிய கதையா, உண்மையிலேயே நடந்திருக்கிறதா?

கே.

அன்புள்ள கே,

நடந்திருக்கிறது. 1586, இங்கிலாந்து. ஸ்காட்லாந்தின் முன்னாள் அரசி மேரி அப்போது 18 ஆண்டுகளாக இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் கைதி. கத்தோலிக்கர், இங்கிலாந்து அரியணைக்கும் உரிமை உள்ளவர். உயிரோடு இருந்தால் ஆபத்து, கொன்றால் பழி. அரசியைக் கொல்லும் சதியில் சேர்ந்தவர் யாராக இருந்தாலும் தண்டிக்கலாம் என்று முந்தைய ஆண்டுதான் சட்டம் வந்திருந்தது. மேரியின் சம்மதம் எழுத்தில் சிக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

எலிசபெத்தின் செயலர் வால்சிங்ஹாம் அதற்கு வழி செய்தார். மேரிக்கு வெளியுலகக் கடிதப் போக்குவரத்தே இல்லாதிருந்த நேரத்தில், கில்பர்ட் கிஃபர்ட் என்ற இரட்டை ஒற்றன் மூலம் ஒரு 'ரகசியப் பாதை' திறந்தது. மேரியை அடைத்து வைத்திருந்த சார்ட்லி மாளிகைக்குப் போகும் பீர் பீப்பாய்க்குள் கடிதம். ஒவ்வொன்றையும் பிரித்து, தாமஸ் ஃபெலிப்ஸ் சங்கேதத்தை உடைத்துப் படித்தபின், முத்திரையைப் பழையபடி ஒட்டி அனுப்பிவிடுவார்கள். (பீர்க்காரர் இரண்டு பக்கமும் காசு வாங்கிக்கொண்டு, பீருக்கும் விலை ஏற்றிக் கேட்டார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் அவர்தான்.)

ஆறு பேர் எலிசபெத்தைக் கொல்வார்கள் என்று பாபிங்டன் என்ற இளைஞன் மேரிக்கு எழுதினான். அந்த ஆறு பேர் எப்படிச் செய்யப்போகிறார்கள் என்று விசாரித்து ஜூலை 17 அன்று பதில் போனது. ஃபெலிப்ஸ் அதன் நகலில் ஒரு தூக்குமரம் வரைந்து வால்சிங்ஹாமுக்கு அனுப்பினார்.

இதுவரை கண்ணின் வேலை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த ஆறு பேரின் பெயர்களும் தேவைப்பட்டன. மேரியே கேட்பதுபோல அவருடைய சங்கேதத்திலேயே ஒரு பின்குறிப்பைச் சேர்த்துவிட்டார் ஃபெலிப்ஸ். அதன் வரைவு பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. மேரியின் விசாரணையில் அதைப்பற்றி அரசுத் தரப்பு மூச்சு விடவில்லை.

சதி பொய்யல்ல. பாபிங்டன் கொல்ல நினைத்தான், மேரி தடுக்கவில்லை. ஆனால் வால்சிங்ஹாமின் பீப்பாய் இல்லையென்றால் அவன் கடிதம் மேரியிடம் போய்ச் சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம். ஆகவே 'உருவாக்கினார்கள்' என்று சொல்ல மாட்டேன். நீர் விட்டு வளர்த்தார்கள்.

1587 பிப்ரவரி 8 அன்று மேரியின் தலை வெட்டப்பட்டது. எலிசபெத்துக்குக் கடுங்கோபம். ஆணையில் கையெழுத்திட்டவர் அவரே, ஆனால் தன்னைக் கேட்காமல் அனுப்பிவிட்டதாகச் சொல்லி இன்னொரு செயலர் டேவிசனை லண்டன் டவரில் அடைத்தார். கையெழுத்திட்ட அன்று அரசி கேலி பேசியதாக டேவிசன் பின்னால் எழுதியிருக்கிறார்: நோயில் படுத்திருக்கும் வால்சிங்ஹாமிடம் இதைக் காட்டு, துக்கத்தில் அவர் செத்தே போவார்.