லாரி பட்டைக்கு யூ போல்ட் வாங்க வண்டி மாடலைச் சொன்னால் போதுமா?

போதாது. யூ போல்ட் என்பது பட்டைக்கட்டை (லீஃப் ஸ்பிரிங்) ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் U வடிவ போல்ட். கூடுதல் பட்டை ஏற்றிய வண்டியில் அதன் நீளமே மாறிவிடும். சென்னையில் வண்டி உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக்குப் போகுமுன் கம்பியின் தடிமன், இரு கால்களுக்கு இடையே உள் அகலம், வளைவின் உள்பக்கத்திலிருந்து நுனி வரை நீளம், மரையின் பிட்ச் (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையே உள்ள தூரம்), வளைவு வட்டமா சதுரமா என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

இறுக்கியபின் நட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மரையாவது தெரிய வேண்டும். அதற்காக ரொம்ப நீளமாக வாங்கினால், மரை முடியும் இடத்தில் நட்டு முட்டி நின்றுவிடும். இறுகியது போலத் தோன்றும். பட்டைக்கட்டு தளர்ந்தே இருக்கும். லோடு ஏறியதும், பட்டைகளை நடுவில் கோர்க்கும் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகரும். இதுதான் நிஜமான ஆபத்து.

போல்ட்டின் பலத்தைக் காட்டும் கிரேடு 8.8-க்குக் குறைய வேண்டாம். கனரக லாரிக்கு 10.9 நல்லது. கழற்றிய பழையது இழுபட்டிருக்கும், திரும்பப் போடாதீர்கள். கேஸ் வைத்துச் சூடாக்கி வளைத்ததும் வேண்டவே வேண்டாம், பலம் போய்விடும். நான்கு நட்டையும் குறுக்காக, படிப்படியாக, வண்டிக் கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) வரை இறுக்கி, முதல் லோடு ஓடியதும் மறுபடி இறுக்குங்கள்.