அறிவியலும் மதமும் ஒன்றுக்கொன்று பகையா? பண்பாட்டு நோக்கில் ஒரு விளக்கம்

அறிவியலுக்கும் மதத்துக்கும் இயல்பிலேயே பகை உண்டா என்ற கேள்வி, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காக 1633-இல் கலீலியோ திருச்சபையால் விசாரிக்கப்பட்டது போன்ற ஐரோப்பிய நிகழ்வுகளை மனத்தில் வைத்தே பெரும்பாலும் எழுப்பப்படுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் அனுபவம் வேறு. இங்கே நவீன மருத்துவம் பலருக்கும் முதலில் அறிமுகமானதே மதத்தின் கைவழியாகத்தான்: லண்டன் மிஷன் என்ற கிறித்தவ ஊழிய அமைப்பைச் சேர்ந்தவர்கள் 1838-இல் தொடங்கிய மருத்துவப் பணியே நெய்யூர் மருத்துவமனையாக வளர்ந்தது, எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற அறுவை மருத்துவர் சாமர்வெல் பின்னர் அங்கேதான் பல்லாண்டுகள் பணியாற்றினார். மதமாற்ற நோக்கமும் உடனிருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை; ஆனால் அறுவைக் கத்தி பிடித்த கையும் செபித்த கையும் ஒன்றாகவே இருந்தன.

நாகர்கோவில் நாகராஜா கோவிலில் ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் நாகர் சிலைகளுக்குப் பாலூற்றி மஞ்சள் தூவ நீண்ட வரிசை நிற்கும். அந்த வரிசையில் நிற்பவரே, வாழைத்தோட்டத்தில் பாம்பு கடித்தால், குதிரைகளின் உடலில் உருவாக்கப்படும் நச்சுமுறிவு மருந்தைத் தேடி அரசு மருத்துவமனைக்கு விரைவார். இதை இரட்டை வேடம் என்று நான் கருதவில்லை. வழிபாடு அச்சத்துக்கும் நன்றியுணர்வுக்கும் வடிவம் தருகிறது. மருந்து இரத்தத்தில் கலந்த நஞ்சைச் செயலிழக்கச் செய்கிறது.

மோதல் எழுவது, ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்ய முற்படும்போதுதான். கடிபட்டவருக்கு மந்திரம் போதும் என்று ஒருவர் நேரத்தைக் கடத்தினால், அங்கே பண்பாட்டின் பெயரால் சமரசம் பேச இடமே இல்லை.