ஓரறைப் பள்ளியில் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரலாமா?

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு தொடக்கப் பள்ளியின் ஆசிரியை இவ்வாறு கேட்டிருக்கிறார்: “ஐந்து வகுப்பிலுமாக 23 பிள்ளைகள் படிக்கிறார்கள். நாங்கள் இரண்டு ஆசிரியர்கள். மற்றவர் பயிற்சிக்காகக் கீழே இறங்கிவிட்டால் எல்லா வகுப்பையும் ஒரே அறையில் நானே பார்க்க வேண்டியிருக்கிறது. ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர உட்காரவைத்தேன். ‘என் மகள் படிக்க வந்தாளா, பிள்ளை பார்த்துக்கொள்ள வந்தாளா?’ என்று அவளுடைய அம்மா வந்து கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் செய்தது தவறா?”

தவறில்லை. ஆனால் அந்தத் தாயின் கேள்வியும் நியாயமானது. அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் அளவுகோலாக எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லித்தரும் அந்த அரை மணி நேரத்தில் அவருடைய மகள் புதிதாக எதையாவது கற்றாளா என்று பாருங்கள். கற்றாள் என்றால் அது கல்வி. இல்லையென்றால், நமக்கு ஆள் போதாத குறையை ஒரு பத்து வயதுப் பெண்ணின் தோளில் ஏற்றியிருக்கிறோம் என்றே பொருள்.

ஐந்து வகுப்பு ஓர் அறையில் இருப்பதைத் தற்காலிகமான இடைஞ்சலாக நினைத்து வருந்த வேண்டாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்றே அளவு வைத்திருக்கிறது. ஐந்து வகுப்பை இருவர் பகிரும்போது, எல்லாரும் பணியில் இருக்கும் நாளிலும் ஒருவர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துத்தான் நடத்த வேண்டும். மலைப் பள்ளிகளில் இதுவே இயல்பான நிலை. நம்முடைய பாடநூலும் காலஅட்டவணையும் ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற நினைப்பில் அமைந்திருப்பதால்தான் அந்த இயல்பான நிலை உங்களுக்குக் குறைபாடாகத் தெரிகிறது.

வயதுக் கலப்பைக் குறைபாடாகப் பார்க்காமல் ஒரு கொள்கையாகவே கைக்கொண்டவர் ஒருவர் உங்கள் மலையிலேயே வாழ்ந்திருக்கிறார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு ஆசிரியர் பயிற்சி நடத்த வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, போரின் காரணமாக ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியாமல், 1942 முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கினார். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் சேர்ந்து படித்த ஒரு சிறு பள்ளி அங்கே அவருடைய மேற்பார்வையில் நடந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்குரிய அவருடைய கல்விச் சிந்தனை, மலையின் செடிகொடிகளையும் உயிரினங்களையும் பாடப்பொருளாகக் கொண்டு, அங்கேதான் பெருமளவு உருப்பெற்றது. மூன்று வயது இடைவெளியுள்ள பிள்ளைகளை ஒரே குழுவாக வைப்பது அவருடைய முறையின் அடிப்படைகளில் ஒன்று. சிறிய பிள்ளை தன்னைவிடச் சற்றே மூத்த பிள்ளை செய்வதைப் பார்த்து, தானும் எட்டிப்பிடிக்கக் கூடியது என்று நம்புகிறது. ஆசிரியர் செய்துகாட்டும்போது அந்த நம்பிக்கை அவ்வளவு எளிதாக வருவதில்லை. மூத்த பிள்ளைக்கோ, தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்ததை இன்னொருவருக்குப் புரியவைக்க முனையும்போதுதான் தன் அறிவில் உள்ள ஓட்டை தெரிகிறது.

இதே ஏற்பாடு பிழையாகப் போன வரலாறும் தமிழ்நாட்டிலிருந்தே தொடங்குகிறது என்பதால், அதையும் சொல்லியாக வேண்டும். நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சிறுவர்களுக்குப் பாடம் சொன்னான். மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் இந்த வழக்கத்தைப் பார்த்துத் தம் பள்ளியில் கையாண்டு, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கானோரை நடத்திவிடலாம் என்ற சிக்கனமே அதன் முதல் ஈர்ப்பாகிவிட்டதால், மூத்த பிள்ளைகள் மனப்பாடம் ஒப்புவிக்கச் செய்பவர்களாகவும் ஒழுங்கு காப்பவர்களாகவும் சுருங்கிப்போனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அந்த முறை அங்கே செல்வாக்கு இழந்தது. நம் வகுப்புகளில் இன்றும் ‘பேசுபவர் பெயரைப் பலகையில் எழுது’ என்று ஒரு பிள்ளையை நிறுத்திவைக்கிறோமே, அது சட்டாம்பிள்ளை வழக்கத்தின் மோசமான பாதி. அதை மட்டும் உங்கள் அறையிலிருந்து முழுவதுமாக நீக்கிவிடுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். தோழியாக இருக்க வேண்டியவளை அது காவலாளியாக்கிவிடுகிறது.

இனி அந்த மாணவியின் வேலையை எப்படி அமைப்பது என்று பார்ப்போம். ஒரு நாளில் பதினைந்து இருபது நிமிடங்களுக்கு மேல் வேண்டாம். ‘எழுத்துச் சொல்லித்தா’ என்று பொதுவாக விடாமல், முந்தின நாளே அவளிடம் ஒரு சிறு கதைப் பகுதியைக் கொடுத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி எப்படி வாசிப்பது, எந்தச் சொல்லுக்குப் படம் வரைந்து காட்டுவது, எங்கே நிறுத்திக் கேள்வி கேட்பது என்று அவளையே திட்டமிடச் சொல்லுங்கள். சொல்லித்தந்து முடித்ததும், சிறுவன் எங்கே தடுமாறினான், ஏன் என்று அவள் நினைக்கிறாள் என்பதை ஒரு நோட்டில் மூன்று வரி எழுதட்டும். ‘ன’கரத்தையும் ‘ண’கரத்தையும் அவன் குழப்புகிறான் என்று கண்டுபிடித்து எழுதும் பிள்ளை, தன் மொழியையே புதிதாகக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறாள். அந்த நோட்டைப் படித்து அவளோடு இரண்டு நிமிடம் பேசுவது உங்கள் கடமை. அந்த இரண்டு நிமிடம் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் ஆள் வேலைதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் இந்தப் பொறுப்பைப் பெரும்பாலும் பெண்பிள்ளையிடமே கொடுக்கிறோம். தாய் பழம் பறிக்கப் போய்விட, வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்பவளும் அவளே. அந்தத் தாயின் கோபத்துக்குப் பின்னால் இந்த வருத்தமும் இருக்கலாம். ஆகவே நான்காம், ஐந்தாம் வகுப்புப் பையன்கள் உட்பட எல்லாரும் முறைவைத்துச் செய்யட்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரு நாள் முறை வரட்டும். படிப்பில் பின்தங்கிய ஐந்தாம் வகுப்புப் பையன், ஒன்றாம் வகுப்புக்கு வாசித்துக்காட்டும் சாக்கில், வெட்கமில்லாமல் எளிய நூலைக் கையில் எடுப்பான்.

பாடத்தை வகுப்பு வகுப்பாகத் துண்டாடுவதைவிட, ஒரே பொருளை மூன்று ஆழத்தில் நடத்துவது உங்களுக்குப் பெரும் உதவியாக இருக்கும். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் கையளவு பழம் வகுப்புக்கு வரட்டும். சின்னப் பிள்ளைகள் எண்ணிப் பத்துப் பத்தாகக் குவிப்பார்கள். மூன்றாம் வகுப்பு, கிலோவுக்கு இவ்வளவு கூலி என்றால் இத்தனை கிலோவுக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பார்க்கும். ஐந்தாம் வகுப்பு, பழத்தை எடைபோட்டு வெயிலில் காயவைத்து, நாள்தோறும் எடை குறைவதைக் குறித்துப் படம் வரையும். மஞ்சு இறங்கிய நாளில் எடை ஏன் குறையவில்லை என்ற கேள்வி தானாக எழும். அதற்கு ஐந்து வகுப்பும் சேர்ந்து விடை தேடலாம். தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற தொடக்கநிலைக் கற்றல் திட்டத்தில் நீங்கள் பயன்படுத்தும் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளும் வகுப்பை வைத்துப் பிரிக்காமல் பிள்ளை நிற்கும் இடத்தை வைத்தே பிரிக்கின்றன என்பதால், இதற்கும் அதற்கும் முரண்பாடில்லை.

நீங்கள் ஒரு குழுவோடு இருக்கும்போது மற்றவர்கள் உங்களைக் கேட்காமலே தொடங்கக் கூடிய வேலை கையில் இருக்க வேண்டும். பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தாமே செய்து கற்ற செயல்வழிக் கற்றல் முறையின் காலத்தில் சுவரின் கீழ்ப்பகுதியில் அமைத்த கரும்பலகை உங்கள் பள்ளியில் இன்னும் இருந்தால், அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடம் கொடுத்துவிடுங்கள். அறையின் எந்த மூலையிலிருந்தும் யார் எதில் நிற்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்தத் தாய்க்கு வாயால் விளக்கம் சொல்ல முயல வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வரை காத்திருக்கவும் வேண்டாம். தோட்டத்தில் வேலையில்லாத ஒரு நாளில், அவருடைய மகளின் முறை வரும்போது அழைத்து, பின்னால் ஒரு பாயில் உட்காரவையுங்கள். மகள் வாசிப்பதை அவர் கேட்கட்டும். பிறகு அந்த மூன்று வரி நோட்டை மகளே அவருக்குப் படித்துக் காட்டட்டும். அதன் பிறகும் அவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால், அந்தப் பிள்ளையைச் சில வாரங்களுக்கு அந்த முறையிலிருந்து விடுவித்துவிட்டு, நோட்டை நீங்கள் மறுபடி ஒரு முறை படித்துப் பாருங்கள்.