சம்மன் வந்ததென்றால், வந்தது என்றே சொல்லுங்கள்

கேள்வி: தையல் கடை நடத்துகிறேன். புரோநோட்டு எழுதிக் கொடுத்து ஒருவரிடம் 3 லட்சம் ரூபாய் கடன் வாங்கினேன். பாதிப் பணத்தை வங்கி வழியாகத் திருப்பிக் கொடுத்த பிறகும், முழுத் தொகைக்கும் வழக்குப் போட்டார். சம்மனைக் கையெழுத்திட்டு வாங்கி, வக்கீலுக்கு வக்காலத்தும் கொடுத்தேன். அவர் எதிருரை (வழக்குக்கான என் பதில் மனு) தாக்கல் செய்யவில்லை. என் தரப்பைக் கேட்காமலே ஒருதலைப்பட்சத் தீர்ப்பாகி ஏழு மாதம் ஆகிறது. வீட்டை ஜப்தி செய்ய நோட்டீஸ் வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. "சம்மனே வரவில்லை என்று மனுப் போடுங்கள், தீர்ப்பு ரத்தாகிவிடும்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அப்படிச் செய்யலாமா?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வேண்டாம் சகோதரி. நீங்கள் கையெழுத்திட்ட சம்மன் நகல் நீதிமன்றத்தின் வழக்குக் கட்டில் (கோப்பில்) இருக்கிறது. பக்கத்திலேயே உங்கள் வக்காலத்தும் இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த இரண்டு தாள்களை நீதிபதியிடம் காட்டினால் போதும், நீங்கள் பாதிக் கடனை அடைத்ததைக்கூட யாரும் நம்பமாட்டார்கள். பொய்ப் பிரமாணம் குற்றமும்கூட.

அந்த யோசனை எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் மனுவுக்கு, தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள்தான் கெடு. சம்மன் முறைப்படி சேராதவருக்கு மட்டும், தீர்ப்பு தெரிய வந்த நாளிலிருந்து அந்த 30 நாள் தொடங்கும். உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

உங்களுக்கு உள்ள வழி, காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு. காலவரையறைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. அதோடு, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 9-ஆவது கட்டளை, 13-ஆவது விதியின்படி தீர்ப்பை ரத்து செய்யும் மனுவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், 883 நாள் தாமதத்தை உச்ச நீதிமன்றம் 1998-இல் மன்னித்தது. அந்த வழக்கிலும் வக்கீலின் அலட்சியம்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. எத்தனை நாள் தாமதம் என்பதைவிட, சொல்லும் காரணம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்றது நீதிமன்றம். ஆனால் "வக்கீல் கவனிக்கவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். கட்சிக்காரரும் தம் வழக்கை விசாரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் இப்போது கண்டிப்பாகவே சொல்கின்றன.

எனவே பிரமாணப் பத்திரம் விவரமாக இருக்கட்டும். வக்காலத்து கொடுத்த நாள், பிறகு எப்போதெல்லாம் வக்கீலைப் பார்த்தீர்கள் அல்லது போனில் பேசினீர்கள், அவர் சொன்ன பதில், ஜப்தி நோட்டீஸ் கைக்கு வந்த தேதி எல்லாம் வரிசையாக வர வேண்டும். போன் பதிவு, வாட்ஸ்அப் செய்தி, கட்டணம் கொடுத்த ரசீது எது இருந்தாலும் இணையுங்கள். நடுவில் நீங்கள் விசாரிக்காமல் விட்ட மாதங்கள் இருந்தால் அதையும் ஒப்புக்கொண்டு, ஏன் என்று சொல்லுங்கள். பணம் கட்டியதைக் காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கையும், தயாரான எதிருரையும் கூடவே இருக்கட்டும். உங்கள் தரப்பில் நியாயம் இருக்கிறது என்று நீதிபதிக்கு முதல் பார்வையிலேயே தெரிய வேண்டும்.

மனுப் போட்டதாலேயே ஜப்தி நின்றுவிடாது. பலர் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள். நோட்டீஸில் குறித்த வாய்தா நாளில், தீர்ப்பை அமல்படுத்தக் கோரிக் கடன் கொடுத்தவர் போட்ட நிறைவேற்று மனுவிலும் ஆஜராகி, தடை உத்தரவு தனியாகக் கேட்க வேண்டும். அங்கும் ஆஜராகாவிட்டால் அதிலும் ஒருதலைப்பட்ச உத்தரவுதான் வரும். நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்யும்போது, செலவுத் தொகை கொடுக்கவோ கடனில் ஒரு பகுதியைக் கட்டவோ நிபந்தனை விதிக்கலாம். கொஞ்சம் பணம் புரட்டி வைத்துக்கொள்ளுங்கள். நிபந்தனைக்கு வைத்த கெடுவையும் தவறவிட்டால் கிடைத்த உத்தரவு கையை விட்டுப் போய்விடும்.

பழைய வக்கீல் வழக்குக் கட்டைத் தர மறுத்தால் பயப்பட வேண்டாம். கட்டண பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. தீர்ப்பு, டிக்ரி (தீர்ப்பின்படி எழுதப்படும் ஆணை) இரண்டின் சான்றிட்ட நகலுக்கு நாளைக்கே நகல் மனுப் போடுங்கள். புது வக்கீல் வைக்க வசதியில்லை என்றால், நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்குச் செல்லுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அங்கே வக்கீல் உதவி இலவசம். ஜப்தி நோட்டீஸையும் வங்கி அறிக்கையையும் மறக்காமல் கையோடு கொண்டுபோங்கள்.