இடியாப்பமும் ஈர்க்குச்சியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பெட் பாட்டில் பற்றிய கட்டுரையில், அந்தப் பிளாஸ்டிக்கில் விறைப்பான மூலக்கூறைச் சேர்த்தால் உருகும்போது இன்னும் இளக்கமாக ஓடும் என்று எழுதியிருந்தீர்கள். நான் எம்.எஸ்சி. வேதியியல் மாணவி. விறைப்பு கூடினால் பாகுநிலை கூடும் என்றுதான் படித்திருக்கிறேன். தவறி எழுதிவிட்டீர்களா? அப்படி இளகி ஓடுவது திரவப் படிகம் என்றும் எழுதியிருந்தீர்கள். அது திரவப் படிகம்தான் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

க.

அன்புள்ள க.,

தவறு இல்லை, ஆனால் பாதியைத்தான் எழுதினேன். நீங்கள் படித்ததும் சரிதான், முப்பது சதவீதம் வரைக்கும்.

டென்னசி ஈஸ்ட்மன் என்ற அமெரிக்க நிறுவனத்தில் ஜாக்சனும் குஃபஸும் செய்து 1976-இல் வெளியிட்ட வேலை இது. பெட்டையும், விறைப்பான மூலக்கூறான பாரா அசிடாக்சி பென்சாயிக் அமிலத்தையும் 275 டிகிரியில் சேர்த்துச் சூடாக்கினார்கள். அமிலம் பெட் சங்கிலியை அங்கங்கே வெட்டி உள்ளே நுழைகிறது. பிறகு வெற்றிடத்தில் வைத்தால் அசிட்டிக் அமிலம் வெளியேறி, துண்டுகள் மறுபடி நீள்கின்றன. சேர்த்த பங்கு 30 மோல் சதவீதத்தை (எடையில் அல்ல, மூலக்கூறு எண்ணிக்கையில் சதவீதம்) எட்டும்வரை உருகிய குழம்பு கெட்டிப்பட்டுக்கொண்டே போனது. அதைத் தாண்டியதும் பாகுநிலை மளமளவென்று சரிந்தது. 60, 70 பக்கம்தான் மிகக் குறைவு, அப்புறம் மீண்டும் ஏற்றம்.

இடியாப்பத்தில் நாலு ஈர்க்குச்சியைச் செருகினால் சிக்கல் கூடத்தான் செய்யும். ஈர்க்குச்சியே மிகுந்துவிட்டால் துடைப்பக் கட்டு மாதிரி ஒரே திசையில் படிந்து, ஒன்றை ஒன்று உரசி வழுக்கிக்கொண்டு போகும். இப்படி மூலக்கூறுகள் ஒரே திசையில் படிந்தபடியே ஓடுகிற நிலைதான் திரவப் படிகம். (இங்கே குச்சி தனியாக இல்லை, நூலிலேயே கோத்திருக்கிறது. உவமையை இதற்குமேல் இழுக்காதீர்கள்.) குச்சி மட்டுமே இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். அந்தப் பாலிமர் உருகுவதற்குள் சிதைந்துவிடும். அதனால்தான் பெட் போல வளைகிற பகுதியோ, வெக்ட்ரா என்ற திரவப் படிகப் பிளாஸ்டிக்கில் இருக்கிற ஹைட்ராக்சி நாப்தாயிக் அமிலம் போலக் கோணலான ஒன்றோ கலக்க வேண்டியிருக்கிறது.

நான் இதைச் செய்த நாட்களில் ஆய்வுக்கூடம் முழுக்க வினிகர் வாடைதான். அந்த வாடையிலும் ஒரு கணக்கு உண்டு: 18 கிராம் அசிடாக்சி அமிலம் முழுக்க வினைப்பட்டால் 6 கிராம் அசிட்டிக் அமிலம் வரவேண்டும். குடுவையில் சேர்ந்ததை எடை போட்டாலே வினை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சோதனைக்கு வருவோம். துளித் தூளைக் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து, குறுக்காக நிறுத்திய இரண்டு போலராய்டுகளுக்கு (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடுகளுக்கு) இடையில் சூடாக்கிக்கொண்டே நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சாதாரணத் திரவம் என்றால் இருட்டு, திரவப் படிகம் என்றால் வெளிச்சம். முதல் தடவை பளிச்சென்று வண்ணங்கள் தெரிந்ததும் நோட்டில் 'திரவப் படிகம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன். வழிகாட்டி வந்து ஊசி முனையால் மேல்தகட்டை அழுத்தினார். எதுவும் அசையவில்லை. உருகாத படிகமும் அப்படித்தான் மின்னும்! இன்னும் நாற்பது டிகிரி ஏற்றிவிட்டு அழுத்தினார். இப்போது வண்ணங்கள் தேன்போல இழுபட்டு மினுங்கின. அடிக்கோட்டை அழிக்க ரப்பர் தேடினேன்.

டிஎஸ்சி வரைபடத்தை (சூடாக்கும்போது மாதிரி எவ்வளவு வெப்பம் உறிஞ்சுகிறது என்று காட்டுவது) மட்டும் நம்பி உட்காராதீர்கள். இந்த வகைப் பாலிமர்களில் உருகும் முகடே சில சமயம் சின்ன மேடாகத்தான் தெரியும். 1888-இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ரைனிட்சர் கொலஸ்டிரில் பென்சோயேட் என்ற சேர்மத்தில் பார்த்ததுபோல, 145 டிகிரியில் கலங்கலாக உருகி 178-இல் தெளியும் இரண்டாம் புள்ளியையும் இவற்றில் எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் தெளிவதற்குள் மாதிரி பழுப்பாகக் கருகிவிடும். ஊசியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.