20 மாதமாகியும் மிக்ஸியில் அடித்த சாதம்தான்: பதில்

உங்கள் 20 மாத மகன் மிக்ஸியில் அடித்த சாதம்தான் சாப்பிடுகிறான், ஒரு பருக்கை தட்டுப்பட்டாலும் ஓங்கரிக்கிறான், ஒரு வேளை ஊட்ட போனைக் காட்டி ஒரு மணி நேரம் ஆகிறது என்கிறீர்கள். "வளர்ந்தா சரியாயிடும்" என்று காத்திருக்கும் கட்டம் தாண்டிவிட்டது. 8, 9 மாதத்திலேயே கையால் மசித்த சோறு பழகியிருக்க வேண்டும். அது தள்ளிப்போனால் உணவைக் கடைவாய்க்கு ஒதுக்கி மென்று தின்ன நாக்கு பழகுவது கடினமாகும்.

ஓங்கரிப்பு வேறு, புரையேறுவது வேறு. முன்னது உடம்பின் தற்காப்பு. ஆனால் தண்ணீர் குடித்ததும் இருமல், சாப்பிட்டபின் ஈரமான கரகரக் குரல், அடிக்கடி நெஞ்சுச் சளி, ஏறாத எடை, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தசோகையும் மலச்சிக்கலும் பசியைக் கெடுக்கும், அதையும் கேளுங்கள். பால் நாளுக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம்.

அங்கிருந்து, உணவூட்டலில் பயிற்சி பெற்ற பேச்சு சிகிச்சையாளர் அல்லது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுக்கு (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவர்) பரிந்துரை வாங்குங்கள். குழந்தைகளின் வளர்ச்சிச் சிக்கல்களைக் கவனிக்கும் அரசு மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் (டிஇஐசி) விசாரியுங்கள், கட்டணம் கிடையாது.

புரையேறும் அறிகுறி இல்லையென்றால் இப்போதே தொடங்கலாம். மிக்ஸி ஓடும் நேரத்தை நாலைந்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் குறையுங்கள். பருக்கை மிதக்கும் ரசம் சாதம் கடைசியில்தான். நீரும் திடமும் கலந்ததே இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மிகக் கடினம். விரல் நீள இட்லித் துண்டை அவனே பிடித்துக் கடைவாயில் கடிக்கட்டும். முதுகு நிமிர, பாதம் பலகையில் ஊன்றி உட்காரட்டும். 30 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். காலில் படுக்கப்போட்டு ஊட்டும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், உணவு மூச்சுக்குழாயில் போய்விடலாம்.