தொடர் ஓடுகிறது, அடி நிற்கிறது: கவிதை பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒரு வாக்கியம் அடியின் முடிவில் நில்லாமல் அடுத்த அடிக்குள் ஓடுவதை ‘என்ஜாம்ப்மென்ட்’ என்று ஆங்கில இலக்கிய வகுப்பில் படித்தோம். தமிழ்ச் செய்யுளில் அடி முடிவது, அசைகள் சேர்ந்த சீர்களின் கணக்கால்தானே? அந்த இடத்தில் பொருள் தேடுவது மிகையல்லவா? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: மிகையல்ல. அடி எத்தனையாவது சீரில் முடிய வேண்டும் என்பதை மட்டுமே சீர்க்கணக்கு சொல்கிறது. அந்த முடிவில் எந்தச் சொல்லை நிறுத்துவது என்பது கவிஞரின் தேர்வு. ஆங்கிலக் கவிஞர் மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தின் முதல் அடி ‘கனி’ என்றும் ‘விளைவு’ என்றும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லில் முடிகிறது. மனிதனின் முதல் மீறலைச் சொன்னவுடன் அச்சொல் வருவதால், அந்த மீறலின் விளைவு என்றே ஒரு கணம் படுகிறது. அடுத்த அடி வந்ததும் அது விலக்கப்பட்ட மரத்தின் பழமாகிவிடுகிறது. இரண்டு பொருளும் நமக்குக் கிடைத்துவிட்டன.

இதே நுட்பத்தைத் திருவள்ளுவர் எவ்வளவு சிறிய இடத்தில் செய்திருக்கிறார் என்று பாருங்கள்.

இருநோக்கு இவளுண்கண் உள்ளது ஒருநோக்கு
நோய்நோக்கொன் றந்நோய் மருந்து.

‘ஒருநோக்கு’ என்று முதல் அடி நின்றுவிடுகிறது. அது எத்தகைய நோக்கு என்பது இன்னும் தெரியாது. அவள் கண்ணை முதன்முதலாக எதிர்கொள்ளும் தலைவனுக்கும் அந்தக் கணத்தில் அது தெரியாது. அவனுடைய அறியாமையைப் படிப்பவரும் ஒரு மூச்சளவு அனுபவித்த பிறகே ‘நோய்நோக்கு’ வந்து தாக்குகிறது. ‘கற்க கசடறக் கற்பவை கற்றபின் / நிற்க அதற்குத் தக’ என்ற குறளிலும் கற்றல் முழுவதும் முதல் அடிக்குள் முடிந்துவிடுகிறது. ‘பின்’ என்று காலம் கடக்கும் இடத்தில் அடியும் முடிகிறது. நிற்பதற்கு வேறோர் அடி தேவைப்படுகிறது. படித்தவர் பலரும் கடக்காமல் விட்டுவிடும் இடைவெளி அது.

ஆயினும் இந்த உத்தியின் முழு ஆற்றலை அறிய வேண்டுமானால் குறுந்தொகையின் நாற்பதாம் பாடலுக்குத்தான் செல்ல வேண்டும்.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சந் தாங்கலந் தனவே.

என் தாயும் உன் தாயும் யார், என் தந்தையும் உன் தந்தையும் என்ன உறவு, நானும் நீயும் எவ்வழியில் அறிந்தவர்கள் என்று கேட்கும் முதல் மூன்று அடிகளும் தனித்தனி வாக்கியங்கள். ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் தொடங்கித் தன் எல்லைக்குள்ளேயே முடிகிறது. உறவற்ற இருவரைப் போலவே அந்த அடிகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. நான்காம் அடியால் அப்படி நிற்க முடிவதில்லை. ‘போல’ என்று முடியும் அடி தனக்கென ஒரு முடிவு இல்லாமல் அடுத்ததற்குள் வழிந்தாக வேண்டும். செம்மண்ணில் மழைநீர் கலப்பதைச் சொல்லும் அதே அடிதான் இந்தப் பாட்டில் முதன்முறையாக இன்னோர் அடியோடு கலக்கிறது. இப்பாட்டின் யாப்பான நேரிசை ஆசிரியப்பாவில், மற்ற அடிகள் நாற்சீராக இருக்க, கடைசிக்கு முந்தைய அடியான ஈற்றயலடி முச்சீராக வருவது இலக்கணம். அந்த இலக்கணத்தால் குறைந்துபோன அடியை, நிறைவுக்காக அடுத்ததை நாடும் அடியாக இக்கவிஞர் ஆக்கிவிட்டார். இதை நான் எத்தனை முறை படித்தாலும் வியப்பு அடங்குவதில்லை.

கேள்வி: ஓலைச்சுவடிகளில் செய்யுளை அடி அடியாகப் பிரித்து எழுதவில்லையே? அச்சில் பிற்காலத்தவர் பிரித்த அடிகளை வைத்துக்கொண்டு பழைய கவிஞரின் நோக்கத்தைப் பேசலாமா? (தமிழாசிரியர் ஒருவர்)

பதில்: மிக நல்ல கேள்வி. சுவடியில் செய்யுளும் உரைநடைபோலத் தொடர்ந்தே எழுதப்பட்டது உண்மை. ஆனால் அடி என்பது கண்ணுக்கான அளவாவதற்கு முன்பே காதுக்கான அளவாக இருந்தது. சீர்களின் எண்ணிக்கையும், அடியின் தொடக்கத்தில் விழும் எதுகையும் (இரண்டாம் எழுத்து ஒன்றுவது) மோனையும் (முதல் எழுத்து ஒன்றுவது), புதிய அடி தொடங்கிவிட்டது என்பதைக் கேட்பவருக்கு அறிவித்தன. குறுந்தொகையின் மூன்றாம் பாடலை உரக்கச் சொல்லிப் பாருங்கள்.

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.

இரண்டாம் அடியின் மூன்றாம் சீரில் ஒரு தொடர் முடிந்துவிடுகிறது. நான்காம் சீரில் ‘சாரல்’ என்று தொடங்கும் புதிய தொடர், அடியின் எல்லையைக் கடந்து கடைசிச் சொல் வரை நில்லாமல் போகிறது. நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, நீரைவிட ஆழமானது என்று மூன்று முறை சொல்லப்பட்டும் எது அவ்வாறு என்பது பாட்டின் இறுதிச் சொல்லான ‘நட்பே’ வரும்வரை மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு நீண்ட ஓட்டத்திலும் அடியின் எல்லை கரைந்துபோகாமல் இருப்பதற்குக் ‘கருங்கோல்’, ‘பெருந்தேன்’ என்ற எதுகைதான் காரணம். எல்லை காதில் விழுந்தால்தான் அதைக் கடப்பதும் உணரப்படும். ஆகவே இவ்விடத்தில் அச்சிட்டவர் செய்தது, கேட்கக்கூடியதாக இருந்த ஒன்றைக் காணக்கூடியதாக மாற்றியது மட்டுமே.

கேள்வி: எதுகையும் மோனையும் வெறும் அலங்காரம் என்று சொல்லப்படுவது சரியா?

பதில்: பொருளற்று இடப்பட்டால் சரி. ‘முகநக நட்பது நட்பன்று நெஞ்சத்து / அகநக நட்பது நட்பு’ என்ற குறளில் முகநக, அகநக என்ற இரண்டுக்கும் இடையே வேறுபாடு ஓர் எழுத்துத்தான். பொய்யான நட்பும் மெய்யான நட்பும் வெளிப்பார்வைக்கு எவ்வளவு ஒத்திருக்கும் என்பதை அந்த எதுகையே சொல்லிவிடுகிறது. அலங்காரம் என்று அதை நீக்கினால் கருத்தின் பாதியும் உடன் போய்விடும்.

கேள்வி: என் புதுக்கவிதைகளைப் படித்த நண்பர், ‘உரைநடையை மடக்கி மடக்கி எழுதியிருக்கிறாய்’ என்கிறார். வரியை எங்கே முறிப்பது என்பதற்கு ஏதேனும் அளவுகோல் உண்டா?

பதில்: உங்கள் நண்பரின் குறை புதியதன்று, சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழ் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்த காலத்திலிருந்தே கேட்டுவரும் குறை அது. அதை மதித்தே பதில் தேட வேண்டும் என்பது என் கருத்து. சீரும், எதுகை மோனை போன்ற தொடையும் காத்த எல்லையைப் புதுக்கவிதையில் வரியின் முறிவு ஒன்றே காக்க வேண்டியிருக்கிறது. ஆதலால் அங்கே கவனம் குறைந்தால் தாங்கிப் பிடிக்க வேறொன்றும் இல்லை.

‘அம்மா எனக்கென்று எதையும் விட்டுச் செல்லவில்லை என்று சொல்ல முடியாது’ என்ற எளிய வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இதை இப்படி முறிக்கலாம்.

அம்மா எனக்கென்று எதையும்
விட்டுச் செல்லவில்லை
என்று சொல்ல முடியாது

இரண்டாம் வரியில் ஒரு மனக்குறை முழுமையாக எழுந்து நிற்கிறது. மூன்றாம் வரி அதைத் திரும்பப் பெறுகிறது. பெற்றாலும், அது எழுந்ததை நாம் மறப்பதில்லை. கடைசி வரியை ‘என்று சொல்ல / முடியாது’ என்று மேலும் பிரித்தால் குரல் தழுதழுத்து, சொல்ல இயலாத துயரமும் உள்ளே வந்துவிடுகிறது. மாறாக ‘விட்டுச் / செல்லவில்லை’ என்று முறித்தால் எதுவும் நிகழ்வதில்லை. படிப்பவர் தடுக்கிவிழுவதைத் தவிர.

தமிழில் வினைமுற்று பெரும்பாலும் இறுதியில் வருவதும், மறுப்பு அந்த வினையின் கடைசி உறுப்பாக வருவதும் கவிஞருக்குக் கிடைத்த பெரும் வசதி. ‘வந்த’ போன்ற பெயரெச்சத்தில் வரி முடிந்தால் ஒரு பெயருக்காகவும், ‘வந்து’ போன்ற வினையெச்சத்தில் முடிந்தால் ஒரு செயலுக்காகவும் மனம் காத்திருக்கும். காத்திருந்து வரும் சொல் அந்தக் காத்திருப்புக்குத் தகுந்ததா என்பதே நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல். உங்கள் கவிதையை ஒருமுறை பத்தியாகச் சேர்த்து எழுதி, உரக்கப் படித்துப் பாருங்கள். சேர்த்த பிறகு எந்த இடத்தில் ஏதோ ஒன்று இழந்துபோனதாகத் தோன்றுகிறதோ, அங்கே மட்டும் மீண்டும் முறியுங்கள்; மற்ற வரிகள் நீளமாகவே இருக்கட்டும்.